உறுமலும் உயிலும்

ஸ்வீடனின் ஓபெத் குழு 2024 நவம்பரில் வெளியிட்ட 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி இரண்டு சொற்களில் அடங்கிவிடும்: உறுமல் திரும்பிவிட்டது. 2008இல் வந்த 'வாட்டர்ஷெட்'டுக்குப் பின் நான்கு ஆல்பங்களில் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் அக்குரலை ஒதுக்கி வைத்திருந்தார். பதினாறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின்னான மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அது, வராக்கடன் வசூலான மகிழ்ச்சியைப்போல் ஒலிப்பதுதான் எங்களை உறுத்துகிறது.

முதல் உலகப்போருக்குப் பிந்தைய கதை இது. இறந்துபோன செல்வந்தர் ஒருவரின் உயில், குடும்ப ரகசியங்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்கிறது. முதல் ஏழு பாடல்களுக்குப் பெயரில்லை. உயிலின் பத்திகளைப்போல் எண்கள் மட்டுமே. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசிக்கிறார், உரையும் பேசுகிறார். இவற்றின் நடுவே எழும் உறுமலில் இறந்தவரின் அதிகாரத்தையே நாங்கள் கேட்கிறோம். கதையைத் தள்ளிவிட்டால் அது வெறும் சத்தம்.

உறுமலைக் கைவிட்டு 2011இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'ஹெரிடேஜ்'. எழுபதுகளின் ராக் இசையிடமிருந்து பெற்ற சொத்தை வெளிப்படையாக எடுத்துவைத்த அந்த முயற்சியைப் பலர் துரோகமென்றே கருதினர். அங்கே தொடங்கிய பயிற்சி இல்லையேல் இன்றைய ஆல்பத்தின் இசைநெசவும் இல்லை. உயிலில் தமக்குரிய பத்தியை மட்டும் வாசித்துவிட்டு எழுந்துபோகும் வாரிசுகளாக நாம் இருக்க வேண்டாம். 'ஹெரிடேஜ்'ஜை இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்.