வெனிஸ் நகரின் இரு பாலங்கள்

சேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைக் கற்றோர் றியால்ற்றோ என்னும் பெயரை மறந்திரார். வணிகர் கூடி விலையும் கடனும் பேசிய இடமே நாடகத்தில் அப்பெயரால் குறிக்கப்படுகின்றது. அவ்விடத்தை ஒட்டி, நகரை ஊடறுத்து ஏறக்குறைய 3.8 கிலோமீற்றர் ஓடும் பெருங்கால்வாயின் மேல், றியால்ற்றோப் பாலம் நிற்கின்றது. அக்கால்வாய்க்கு இன்று நான்கு பாலங்கள் உள. அவற்றுள் மூத்ததையும் இளையதையும் ஒப்புநோக்கின், அந்நகரைப் பீடித்துள்ள நோய் யாதென்பது புலனாகும் என்பது என் கருத்து.

றியால்ற்றோவில் முன்பு இருந்தது மரப்பாலம். 1444 ஆம் ஆண்டில், மணஊர்வலம் ஒன்றைக் காணத் திரண்ட மக்களின் பாரத்தைத் தாங்காது அது வீழ்ந்தது. 1524 இல் மீண்டும் இடிந்தது. கற்பாலத்துக்குப் பல்லாடியோ போன்ற பெருங்கலைஞரும் திட்டம் வரைந்தனர். எனினும் 1588 இல் தொடங்கி 1591 இல் அதனை நிறைவேற்றியவர் அந்தோனியோ தா பொந்தே என்பவரே. ஏறக்குறைய 28 மீற்றர் அகலத்தை ஒரே வளைவு தாவி நிற்கின்றது. பாலத்தின்மேல் இரு வரிசைக் கடைகள். மரப்பாலத்தின் காலத்திலேயே கடைவாடகை திறைசேரிக்குச் சென்று பாலத்தைப் பேண உதவியது. ஊரவர் வாங்கவும் விற்கவும் நடந்தனர். அந்நடையே பாலத்தையும் காத்தது.

இளைய பாலம் 2008 இல் திறக்கப்பட்டது. அரசியலமைப்புப் பாலம் என்பது அதன் பெயர். புகழ்பெற்ற ஸ்பானியக் கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்திராவா அதனை வகுத்தார். புகைவண்டி நிலையத்தையும் பேருந்துத் தரிப்பிடத்தையும் இணைக்கும் அதன் படிகளிற் கண்ணாடி பதிக்கப்பட்டது. மழை பெய்தால் அப்படிகள் வழுக்கின; பலர் விழுந்தனர். சக்கரநாற்காலியிற் செல்வோருக்கெனப் பின்னர் பொருத்திய கூண்டும் பயன்படாது போக, 2020 இல் அகற்றப்பட்டது. செலவு பெருகியமைக்கும் படிகள் விரைவில் தேய்ந்தமைக்குமாக 2019 இல் கணக்காய்வு நீதிமன்றம் கலத்திராவாவுக்கு 78,000 யூரோ செலுத்துமாறு தீர்ப்பளித்தது. 2022 இல் மாநகரசபை கண்ணாடிக்குப் பதிலாகக் கல் பதிக்க முடிவு செய்தது.

இதனை ஒரு கலைஞரின் பிழையென்று கூறி அமைதல் போதுமா? போதாது. நாள்தோறும் கடக்கும் முதியவளின் காலை எண்ணாது, பார்ப்போர் கண்ணை எண்ணியதன் விளைவே அது. அந்த மனப்பான்மை பாலத்தோடு நிற்கவில்லை. 1951 இல் வரலாற்று நகர்ப்பகுதியில் ஏறக்குறைய 1,75,000 மக்கள் வாழ்ந்தனர். 2022 இல் அத்தொகை 50,000 இற்கும் கீழே இறங்கிற்று. வீடுகள் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக, வாடகை ஏற, இளந்தலைமுறையினர் பெருநிலத்துக்குப் பெயர்ந்தனர்.

பயணிகளே அந்நகருக்குச் சோறிடுகின்றனர் என்பர் சிலர். மெய்தான். ஆயினும் சோறிடுவோர் வீட்டையே எடுத்துக்கொள்ளலாமா? 2024 ஏப்ரில் 25 முதல், குறித்த நாட்களில் வந்து அன்றே மீளும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. கட்டணம் கூட்டத்தை ஒருவேளை குறைக்கலாம். வெளியேறிய குடும்பத்தைத் திரும்ப அழைத்து வராது. அதற்கு வேண்டுவது குடியிருக்கத் தக்க வாடகையில் வீடுகளும், ஊரவர்க்குரிய தொழில்களும் ஆகும்.

கல் பதிப்பது நன்றே. அக்கல்லின்மேல் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் வெனிஸில் எஞ்சியிருத்தல் அதனினும் நன்று.