செலவுக் கணக்கில் வராத நோய்



பணக்கார நாடுகளில் கொஞ்ச காலமாக ஒரு கணக்கு நடக்கிறது. அதிகம் கவனிப்பு தேவைப்படுகிற, அதிகம் செலவு வைக்கிற நோயாளி யார், அவருக்கு எந்த நாடு எவ்வளவு செலவழிக்கிறது என்கிற கணக்கு. அமெரிக்காவில் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி, மக்களில் 5 சதவீதம் பேருக்கே போய்விடுகிறது. அந்த 5 சதவீதத்தைப் பிடித்துவிட்டால் செலவையும் பிடித்துவிடலாம் என்று அரசும் காப்பீட்டுக் கம்பெனிகளும் நினைக்கின்றன. இதுல நமக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது.

2021இல் 11 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று வெளியானது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இரண்டு மாதிரி நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், உடல் தளர்ந்து, இடுப்பெலும்பு முறிந்த முதியவர். இன்னொருவர், இதயம் பலவீனப்பட்டு சர்க்கரை நோயும் சேர்ந்த முதியவர். நோய் ஒண்ணுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளும், மருந்தும், வீட்டுக்கு வந்தபின் கிடைக்கும் கவனிப்பும், ஆகிற செலவும் நாட்டுக்கு நாடு வேறு. அப்படியானால் செலவு என்பது நோயாளியின் உடம்பில் மட்டும் இல்லை. அந்த நாட்டு ஏற்பாட்டில் இருக்கிறது.

2016இல் அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17.8 சதவீதத்தை மருத்துவத்துக்குக் கொட்டியது. அதோடு ஒப்பிட்ட மற்ற பணக்கார நாடுகள் செலவழித்தது 9.6லிருந்து 12.4 சதவீதம் வரைதான். அமெரிக்கர்கள் அடிக்கடி டாக்டரிடம் ஓடுகிறார்களா? இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதெல்லாம் ஏறத்தாழ மற்ற நாட்டுக்காரர்கள் மாதிரிதான். மருந்தின் விலை, டாக்டர்களின் சம்பளம், நிர்வாகச் செலவு, இவைதான் எகிறிக் கிடக்கின்றன. விலை வைக்கிறவன் ஒருத்தன், ‘செலவு வைக்கிற நோயாளி’ என்ற பட்டம் படுக்கையில் கிடக்கிறவனுக்கு!

அடுத்ததைக் கவனியுங்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ஒரு கம்ப்யூட்டர் கணக்கை வைத்திருந்தன. நோயாளிக்கு இனி எவ்வளவு செலவாகும் என்று அது கணிக்கும். செலவு அதிகமென்றால் தேவை அதிகம் என்று எடுத்துக்கொள்ளும். 2019இல் ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரைவிடக் கறுப்பர் கூடுதலாக நோயுற்றிருந்தார். காரணம் எளிது. அதே அளவு நோய் உள்ள கறுப்பருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. வைத்தியம் கிடைக்காதவனுக்குச் செலவு எப்படி வரும்? செலவு வராததால் நோயே இல்லை என்று எழுதிவிட்டது எந்திரம். இந்தக் கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பர்களின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கண்டார்கள்.

அந்த எந்திரத்துக்கு யார் கறுப்பர் என்றே சொல்லித்தரவில்லை. பணத்தை மட்டும்தான் எண்ணச் சொன்னார்கள். மறுக்கப்பட்டதை எண்ணாத எந்தக் கணக்கும் மறுத்தவன் பக்கம்தான் நிற்கும்.

அந்த 11 நாட்டுப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் அதே வகைக் கணக்கு இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது. 2018இல் மத்திய அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்துகொள்ளும் வைத்தியத்துக்குத்தான் அது, வெளிநோயாளிக்கு இல்லை. படுக்கையில் சேர்ந்தால்தான் பதிவு. கூலி போயிடும்னு வலியைப் பொறுத்துக்கிட்டு களையெடுக்கப் போன அம்மா எந்தப் பதிவில் வருவாள்? நாளைக்கு இந்தப் பதிவுகளை மட்டும் வைத்து யாருக்குத் தேவை அதிகம் என்று முடிவு செய்தால், சேரியில் நோயே இல்லை என்றுதான் விடை வரும்.

2018இல் வந்த ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் ஆதிக்க சாதிப் பெண்களைவிடத் தலித் பெண்கள் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே சாகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்த கிழவி என்று ஆய்வில் இடம்பெற, முதலில் கிழவியாக வேண்டுமே! சீக்கிரம் செத்துப்போகிறவர்கள் அரசுக்கு மலிவு. அந்த மலிவைச் சிக்கனம் என்று யாரும் நம்மிடம் சொல்ல விடக்கூடாது.

அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகள் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். துப்பாக்கி ஏந்திய படங்களை மட்டும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் இலவச மருத்துவமனைகளும் நடத்தினார்கள். கறுப்பர்களை அதிகம் தாக்கும் அரிவாள் செல் சோகை நோயை ஆட்சியாளர்கள் கண்டுகொள்ளாமல் கிடந்தபோது, 1971இல் தாங்களே தெருவில் இறங்கி ரத்தப் பரிசோதனை செய்யத் தொடங்கினார்கள். தங்கள் நோயைத் தாங்களே எண்ணினார்கள்.

மாணவத் தோழர்கள் இந்த வேலையைக் கையில் எடுக்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். உங்க தெருவுல வீடு வீடாப் போங்க. போன வருசம் யாருக்கு என்ன நோவு, யார் ஆஸ்பத்திரிக்குப் போகல, ஏன் போகல, யார் எந்த வயசுல செத்தாங்க, இவ்வளவுதான் கேட்கவேண்டியது. செலவழித்தவர்களின் கணக்கு அரசிடம் இருக்கிறது. செலவழிக்க முடியாமல் போனவர்களின் கணக்கை நாம்தான் எழுதவேண்டும். எழுதி, அதை மேசைமேல் போட்டுவிட்டு, அப்புறம் ஒப்பிடச் சொல்வோம்.