முதல் நாள் ஊசி

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி என்னும் வியாதி, வயது வந்தோரைப் பற்றினால் மிகப் பெரும்பாலோர் தாமே தேறிவிடுகின்றனர். பிரசவ சமயத்தில் தாயிடமிருந்து சிசுவைப் பற்றினாலோ, நூற்றுக்கு 90 குழந்தைகளின் உடலில் அது நிலைத்துவிடுகிறது. பல்லாண்டுகள் யாதொரு குறியும் காட்டாமலிருந்து, குடும்ப பாரம் சுமக்கும் வயதில் ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. ஆகையினாலேயே பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போட வேண்டுமென்று வைத்திய நிபுணர்கள் வற்புறுத்துகின்றனர்.

இதன் பலனில் சந்தேகத்திற்கு இடமில்லை. 1984-ல் இதனைத் தொடங்கிய தைவானில் குழந்தைகளிடையே ஈரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. விலை அதிகம் என்ற ஆட்சேபத்தை, 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் வெளியிட்ட சுதேசி மருந்து தகர்த்தது. 2011-ல் தேசமெங்கும் விஸ்தரிக்கப்பட்ட திட்டத்தின்படி சர்க்கார் இதை இலவசமாகவே அளிக்கிறது.

எனினும், "பச்சைக் குழந்தைக்கு ஊசி எதற்கு? பிறகு பார்த்துக்கொள்வோம்" என்னும் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆறாம் வாரத்து ஊசி அவசியமே. ஆனால் பிரசவத்தில் தொற்றியதைத் தடுக்க அது பிந்தியதாகும். வீட்டில் பிறக்கும் குழந்தைக்கோ, கேட்பாரில்லாவிடில் முதல் நாள் வீணே கழியும்.

ஞாயிறு என்றும் பண்டிகை என்றும் பிரசவம் காத்திராது. மருந்தும் பூட்டிய அறையில் காத்திருக்கலாகாது. இதற்குச் சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும். குழந்தை பிறந்த வீடுதோறும் சென்று, "முதல் நாள் ஊசி போட்டாயிற்றா?" என்று விசாரிப்பது பொதுஜன ஊழியர்களின் கடமை. தேசத்தொண்டில் இதுவும் ஒன்றென்பதே நமது அபிப்பிராயம்.