பனி இல்லாத டிசம்பரா? யார் சொன்னது?

டிசம்பர் பிறந்தாப் போதும், பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரி படம் அனுப்ப ஆரம்பிச்சிடுறாங்க. ஏதோ ஒரு மால் வாசல். பனைமர உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மரம். மேலேர்ந்து ஒரு மெஷின் வெள்ளை நுரையைக் கக்குது, புள்ளைங்க கையை விரிச்சுக்கிட்டு நிக்குதுங்க. கீழ ஒரு வரி: "நம்ம ஊருக்கும் பனி வந்தாச்சு!"

புள்ளைங்க நுரையில ஆடட்டும், அதுல எனக்குச் சண்டை இல்ல. கோவம் வர்றது அந்த வரியிலதான். இப்பதான் வந்துச்சுன்னா, இத்தனை நாளா வரலைன்னுதானே அர்த்தம்? வருஷத்தை ஆறு பொழுதாப் பிரிச்சு, அதுல ரெண்டுக்குப் பனியோட பேரையே வெச்சவங்க நம்ம ஆளுங்க. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கணக்குப் போட்டா வருஷத்துல நாலு மாசம். கிறிஸ்துமஸ் வர்றது மார்கழி 10-ஆம் தேதி வாக்குல. ஊரே குரங்குக் குல்லா மாட்டிக்கிட்டு, மஃப்ளரைச் சுத்திக்கிட்டு ராத்திரிப் பூசைக்குப் போயிட்டு வர்ற நேரம். வரும்போது தோள்ல கிடக்கிற துண்டைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும். இதுக்குப் பேரு என்னவாம்?

"அது வேற பனி, இது வேற பனி"ன்னு உடனே சொல்லுவீங்க. தெரியும். அங்கே மேகத்துக்குள்ளேயே ஐஸ் படிகமா உருவாகி, உருகாமத் தரைக்கு வந்து சேர்றது. இங்கே ராத்திரி தரை குளிர்ந்ததும் காத்துல இருக்கிற ஈரம் இலைமேல, புல்மேல தண்ணியாப் படியறது. வானத்துலேர்ந்து வெண்பனி தரை வரைக்கும் வரணும்னா, கீழே காத்து பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்துல இருக்கணும். சென்னையில 100 வருஷத்துக்கும் மேல எடுத்து வெச்சிருக்கிற கணக்குல மிகக் குறைஞ்ச வெப்பநிலையே 14 டிகிரிக்குப் பக்கத்துலதான். ஊட்டியில விழுறதுகூட உறைபனிதான். தரையில படிஞ்ச ஈரம் உறைஞ்சு வெள்ளையாக் கிடக்கும். அதைப் பார்க்கப் பட்டணத்துலேர்ந்து விடிகாலையில கார் கட்டிக்கிட்டுப் போறாங்க. அந்த மலையில தேயிலையும் கேரட்டும் வெச்சிருக்கிறவனைக் கேட்டுப் பாருங்க. கொழுந்து கருகிடுமேன்னு அவன் செடிக்குமேல காய்ஞ்ச தழையைப் போட்டு மூடிக்கிட்டு இருப்பான்.

நமக்கு வெண்பனி கிடையாதுங்கிறது குறையே இல்ல. அது நம்ம பூமி இருக்கிற இடம். அதைக் குறைன்னு நினைக்க வெச்சது யாருன்னுதான் கேக்குறேன்.

கொஞ்சம் தேடிப் படிச்சதுல தெரிஞ்ச கதை இது. இங்கிலாந்துலயே கிறிஸ்துமஸ் அன்னிக்குத் தரை வெள்ளையாக் கிடக்கிறது அபூர்வம். அந்த நாட்டு வானிலைத் துறை 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்'னு ஒத்துக்கிறதுக்கு வெச்சிருக்கிற அளவுகோல் என்ன தெரியுமா? டிசம்பர் 25-ஆம் தேதி 24 மணி நேரத்துக்குள்ள ஒரே ஒரு பனித்துகள் விழுறதை யாராவது பார்த்திருக்கணும். ஒண்ணே ஒண்ணு. பாவம், அவ்வளவு இறங்கி வந்திருக்காங்க. அது விழுமா விழாதான்னு பந்தயம் வேற கட்டுறாங்க. அமெரிக்காக்காரன் கொஞ்சம் கறார்: தரையில ஒரு அங்குலமாவது இருக்கணும். அந்த அமெரிக்காவோட தெற்கு மூலையில, டெக்சாஸ் பிரவுன்ஸ்வில் ஊர்ல, 2004 கிறிஸ்துமஸுக்கு விழுந்த பனி 1895-க்கு அப்புறம் அந்த ஊர் பார்க்காதது.

அப்புறம் எப்படி அட்டைப் படமெல்லாம் வெள்ளையா இருக்கு? பாதிக் காரணம் சார்லஸ் டிக்கன்ஸ்ங்கிறாங்க. 1843-ல அவர் எழுதின கிறிஸ்துமஸ் கதைதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாருக்கும் மாதிரி. அவர் பிறந்தது 1812. அவர் சின்னப் பையனா இருந்த அந்தப் பத்து வருஷம் இங்கிலாந்துல ரொம்பக் குளிரான காலம். 1814-ல லண்டன் தேம்ஸ் ஆறு உறைஞ்சு, அதுமேல கடை போட்டு வியாபாரம் பண்ணியிருக்காங்க. அடுத்த வருஷம் இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு, அந்தத் தூசி வானத்தை மறைச்சதுல 1816-ல ஐரோப்பாவுக்குக் கோடையே வரலை. தானியம் முத்தாமலே அழுகிப்போய், பல ஊர்ல ரொட்டிக்குக் கலவரம் நடந்திருக்கு. அப்படிப்பட்ட ஒரு காலத்துல வளர்ந்த பையனோட ஞாபகத்துல இருந்த குளிர்தான் இன்னிக்கு நம்ம ஊர் மால்ல நுரையாக் கொட்டுது. ஒரு விவசாயியா எனக்கு அந்த அட்டைப் படத்தைப் பார்த்தா விளையாத கோதுமைதான் கண்ணுக்குத் தெரியுது.

மீதிப் பாதி அந்தப் பாட்டு. 1942-ல பிங் கிராஸ்பி பாடி வந்த 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. எழுதினவர் இர்விங் பெர்லின், ஒரு யூதர். அந்தப் பாட்டோட ஆரம்ப வரிகளை இப்பல்லாம் யாரும் பாடுறதில்ல. அது நடக்கிற இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். வெயிலும் பனைமரமுமா இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தன் வடக்கே இருக்கிற பனிக்கு ஏங்குறான். அதாவது பனி இல்லாத ஊர்க்காரன் பாட்டு அது!

சரி, மூலக் கதைக்கே போவோம். பைபிள்ல இயேசு பிறந்த பகுதியில பனியும் கிடையாது, மாசமும் கிடையாது. பெத்லகேம் மலைமேல இருக்கிற ஊர், கடல் மட்டத்துலேர்ந்து 750 மீட்டருக்கு மேல. எப்பவாவது பனி விழும். ஆனா டிசம்பர்னா அங்கே மழைக்காலம். ஒலிவம் பறிப்பு முடிஞ்சு, முதல் மழை பேஞ்ச ஈரத்துல உழுது கோதுமையும் வாற்கோதுமையும் விதைக்கிற காலம். அட, நம்ம கார்த்திகை மார்கழி மாதிரியேல்ல இருக்கு! பெத்லகேம் விவசாயி நம்ம மானாவாரிக்காரனுக்குத்தான் பங்காளி. லண்டன்காரனுக்கு இல்ல.

மத்த நாட்டுக்காரங்க என்ன செய்றாங்கன்னு பாருங்க. ஆஸ்திரேலியாவுக்கு அது நடுக்கோடை. கோதுமை அறுப்பு மெஷின் ஓடுற காலம். 2001-ல சிட்னியைச் சுத்தி கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பத்திக்கிட்ட காட்டுத்தீக்குக் 'கறுப்புக் கிறிஸ்துமஸ்'னே பேர் வெச்சிருக்காங்க. நியூசிலாந்துல பொஹுட்டுகாவான்னு ஒரு கடலோர மரம், டிசம்பர்ல செக்கச்செவேல்னு பூக்கும். அவங்களுக்கு அதுதான் கிறிஸ்துமஸ் மரம். பிலிப்பைன்ஸ்ல மூங்கில் சிம்பையும் காகிதத்தையும் வெச்சு நட்சத்திர விளக்குக் கட்டுறாங்க. யாரும் தங்க ஊர் வெயிலுக்காக வெக்கப்படலை. (அங்கேயும் மால்ல பஞ்சு ஒட்டுறான், அது வேற விஷயம். மால்காரனுக்கு ஊர் ஏது?)

நம்மகிட்ட இதுக்கு முன்மாதிரி இல்லாம இல்ல. எங்க பக்கத்துல ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் இருந்து எழுதின ஊர். இத்தாலிக்காரர், குளிர் நாட்டுலேர்ந்து வந்தவர். அவர் 'தேம்பாவணி'யில யூதேயா நாட்டைச் சொல்ல வர்றப்போ, நம்ம காப்பியக்காரங்க மாதிரியே மழை, வயல், சோலைன்னு தமிழ் நாட்டுப் படலமாவே பாடியிருக்கார். கோணான்குப்பத்துல மாதாவுக்குச் சேலை கட்டிப் பெரியநாயகின்னு பேர் வெச்சதும் அவர்தான். 300 வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டுக்காரர் கதையை நம்ம மண்ணுக்குக் கொண்டு வந்தார். நாம அதைத் தூக்கிக்கிட்டுப் போயி, அவர் விட்டுட்டு வந்த குளிர்லயே வைக்கிறோம்.

இனி நம்ம பனி என்ன செய்யுதுன்னு சொல்றேன். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கரிசல் காடு. மழை நின்னதும் கொண்டைக்கடலை, மல்லி போடுவோம். அதுக்கப்புறம் தண்ணி கட்ட மாட்டோம். மண்ணுல இருக்கிற ஈரமும் ராத்திரி இறங்குற பனியும்தான். டெல்டாவுல சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி நிக்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளிச்சு விடுறாங்களே, அதுவும் இப்படித்தான் ஈரத்துலயும் பனியிலயும் வளருது. நீங்க இட்லிக்கு ஆட்டுற உளுந்துல பனி இருக்கு. கொண்டைக்கடலைச் செடிமேல படியற பனித்தண்ணி புளிக்கும். செடி அப்படி ஒரு புளிப்பை விடும். அந்தக் காலத்துல ராத்திரி செடிமேல வெள்ளைத் துணியை விரிச்சுப் போட்டு, காலையில பிழிஞ்சு, அந்தப் புளிப்பைப் புட்டியில அடைச்சு வயித்து வலிக்கு வெச்சிருப்பாங்க. எங்க அப்பாயி வெச்சிருந்தாங்க.

பருத்தி எடுக்கிறதும் பனிப் பதத்துலதான். விடிஞ்சு பத்து மணிக்குள்ள எடுத்தாத்தான் சருகு நமுத்துப்போயி உடையாம இருக்கும். வெயில் ஏறிடுச்சுன்னா சருகு நொறுங்கிப் பஞ்சுல ஒட்டும், வியாபாரி விலையைக் குறைப்பான். டிசம்பர் கடைசியில எங்க காட்டுப் பக்கம் வந்தீங்கன்னா காய் வெடிச்சு நிக்கிறதைப் பார்க்கலாம். இதுல எனக்கு எரியற விஷயம் ஒண்ணு. குடில்மேல, மரத்துமேல நீங்க ஒட்டுறீங்களே 'பஞ்சு', அது பெரும்பாலும் பஞ்சே இல்ல. பாலியெஸ்டர். இல்லைன்னா தெர்மாகோல் உருண்டை. பண்டிகை முடிஞ்சதும் அது காத்துல பறந்து வாய்க்கால்ல மிதக்கும், வரப்புல ஒதுங்கும், ஆடு மேயுற இடத்துல கிடக்கும். அது உருகாத பனி.

பனி எப்பவும் நல்லதுன்னு நான் சொல்லலை. மூடுபனி ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்புல நின்னா சின்ன வெங்காயத்துல தாள் நுனி கருக ஆரம்பிக்கும். நெல்லுல குலைநோய் வரும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொன்னவங்க சும்மா சொல்லலை. நல்லதோ கெட்டதோ, அது நிஜம். அதை வெச்சுத்தான் எங்க கணக்கு நடக்குது.

"புள்ளைங்க சந்தோஷத்துல போயி ஏன் மல்லுக்கட்டுறீங்க"ன்னு கேப்பீங்க. எங்க அண்ணன் பொண்ணு பட்டணத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டாங் கிளாஸ் படிக்குது. குளிர்காலம் படம் வரையச் சொன்னாங்களாம். புள்ள எங்க வீட்டுக்கு லீவுக்கு வந்து போனது. வாசல்ல கோலம், பூசணிப்பூ, எருமை, அது மூக்குலேர்ந்து வர்ற புகைன்னு வரைஞ்சிருக்கு. "ஸ்னோமேன் எங்கே?"ன்னு கேட்டு மார்க்கைக் குறைச்சிருக்காங்க. எருமை மூச்சு புகையா வர்றதை எத்தனை டீச்சர் பார்த்திருப்பாங்க? கண்ணால பார்த்ததை வரைஞ்ச புள்ளைக்கு மார்க் கம்மி. பார்க்காததை வரைஞ்ச புள்ளைக்கு நட்சத்திரம்.

இதை நான் பெருசா எடுத்துக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 2021 ஜனவரியில தமிழ்நாட்டுல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? பனி இறங்க வேண்டிய தையில மழை ஊத்துச்சு. அறுப்புக்கு நின்ன சம்பா சாஞ்சு, கதிர்லயே முளைச்சுச்சு. கடலை, உளுந்து, வெங்காயம் எல்லாம் அழுகுச்சு. எங்களுக்கு அது இடி. பட்டணத்துல பல பேருக்கு அது "ஜில்லுனு இருக்கு, சூப்பர் கிளைமேட்". தன் ஊர்ல தையில என்ன இருக்கணும்னே தெரியாதவங்களுக்கு அது தவறிப்போனது எப்படித் தெரியும்? நிவாரணம் கேட்டு நாங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னா "எப்பப் பார்த்தாலும் இவங்களுக்கு ஒரு குறை"ன்னு கடந்து போறது இந்த அறியாமையிலதான். பருவம் மாறிப்போச்சுன்னு கருத்தரங்கம் எல்லாம் நடத்துறீங்க. முதல்ல பருவம் எதுன்னு புள்ளைக்குச் சொல்லுங்க. அதுக்கு நுரை மெஷின் உதவாது.

கனடாவுல இருக்கிற என் சிநேகிதன் ஒருத்தன் போன்ல சொன்னான்: "மாப்ள, இங்க பனின்னா மண்வெட்டிடா." வாசல்ல கிடக்கிறதை அள்ளிப் போட்டாத்தான் வண்டியை எடுக்க முடியுமாம். வழுக்கி விழாம இருக்க உப்பு தூவணுமாம். அப்படியும் அவன் இருக்கிற டொராண்டோவுல கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பனியே இல்லாம தரை பச்சையாக் கிடக்கிற வருஷமும் நிறையவாம். அவனுக்கு அது வாழ்க்கை. மண்வெட்டி எடுக்கத் தெரிஞ்சவன் பனியைப் பத்திப் பாடட்டும், நான் கேக்குறேன்.

எங்க ஊர்ல குடில் கட்டுறவங்க இன்னும் பழைய மாதிரி செய்றாங்க. களிமண், வைக்கோல், பனை ஓலை. புல்லுக்குக் கேழ்வரகு முளைக்கப் போடுவாங்க. உங்க வீட்டுலயும் செய்யலாம். டிசம்பர் 12, 13 வாக்குல ஒரு கைப்பிடி கேழ்வரகை ராத்திரி ஊற வைங்க. காலையில ஒரு தட்டுல ரெண்டு விரல் உயரத்துக்கு மண்ணைப் பரப்பி நெருக்கமாத் தூவி, ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்க. ரெண்டு மூணு நாள்ல முளை தெரியும், சாக்கை எடுத்துடுங்க. அப்புறம் தண்ணி தெளிச்சா மட்டும் போதும், 24-ஆம் தேதிக்குப் பச்சைப்பசேல்னு நிக்கும். ராத்திரி மொட்டை மாடியில வைங்க. காலையில எழுந்து புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயி அதோட நுனியைப் பாருங்க. வெள்ளையும் வேணும்னு அடம்பிடிச்சா, பாலியெஸ்டர் வாங்காதீங்க. சருகு ஒட்டாத நல்ல பருத்தி எங்ககிட்ட இருக்கு. வியாபாரி கேட்கிற விலையை விட ரெண்டு ரூபா கூடக் குடுத்தாப் போதும்.