பெட்டி போச்சு, ஆன்டெனா போகல

"இசிஇ எடுத்தவனும் கடைசியில கோடிங்தான் எழுதணும்." ஹாஸ்டல்ல தினமும் கேக்கற டயலாக். பாதி உண்மை. எந்தப் பாதிங்கறதுதான் விஷயம்.

டெலிகாம் கம்பெனிகள் ரொம்ப வருஷமா வாங்கினது பெட்டிகளைத்தான். ஃபயர்வாலுக்கு ஒண்ணு, அழைப்புகளைக் கையாள ஒண்ணுன்னு வேலைக்கொரு பெட்டி. புதுசா ஒரு சேவை தரணும்னா பெட்டி வாங்கி, ரேக்கில் ஏத்தி, ஆள் போய் கேபிள் போடணும். 2012 அக்டோபரில் உலகின் பெரிய ஆபரேட்டர்கள் சிலர் சேர்ந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள்: இந்த வேலைகளைச் சாதாரண சர்வரில் ஓடும் மென்பொருளாக மாற்றுவோம் என்று. அதுதான் என்எஃப்வி. எஸ்டிஎன் அதற்குப் பங்காளி (சண்டை போடாத பங்காளி). பாக்கெட் எந்த வழியில் போகணும்ங்கற முடிவை ஒவ்வொரு சுவிட்ச்கிட்ட இருந்தும் வாங்கி, ஒரு கன்ட்ரோலர் கையில் கொடுப்பது அதன் வேலை.

இதை முழுசா நம்பி இறங்கியது ஜப்பானின் ராகுடென். அடிப்படையில் ஆன்லைன் கடை நடத்தும் கம்பெனி. 2020 ஏப்ரலில் முழுக்க மெய்நிகராக்கிய மொபைல் நெட்வொர்க்கில் வணிகச் சேவை தொடங்கியது. செலவு குறையும், கட்டணமும் குறைச்சல்னு உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனா அவங்க கையில் இருந்த 4ஜி அலைவரிசை 1.7 கிகாஹெர்ட்ஸ். போட்டி கம்பெனிகளிடம் கட்டடத்துக்குள்ள நல்லா நுழையும் குறைந்த அதிர்வெண் அலைகள் இருந்தன. எவ்வளவு அழகா கோடு எழுதினாலும் அலை சுவரைத் தாண்டாதே! டவர் மேல டவர் கட்டி, இல்லாத இடத்துல கேடிடிஐயின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து, நஷ்டத்தில் தவிச்சு, கடைசியில் 2023 அக்டோபரில்தான் 700 மெகாஹெர்ட்ஸ் கிடைச்சது. கோர் நெட்வொர்க் மென்பொருள் ஆகலாம். மேக்ஸ்வெல் சமன்பாடு ஆகாது.

சிஎஸ்இ நண்பர்களுக்கும் ஒண்ணு. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க்கில் ஒரு ரவுட்டர் கான்ஃபிகரேஷன் மாற்றத்தில் ஒரு ஃபில்டர் நீக்கப்பட்டது. கோர் ரவுட்டர்கள் திணறி விழுந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை இல்லை. பலரால் 911 அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. இது எஸ்டிஎன் செய்த தப்பு இல்லை. ஆனா கட்டுப்பாட்டை ஓரிடத்தில் குவிக்கக் குவிக்க, ஒரு சின்ன மாற்றம் எட்டும் தூரமும் கூடும். வெப்சைட் விழுந்தா ரீஸ்டார்ட் பண்ணலாம்ங்கற மனநிலையோட இங்க வரக்கூடாது.

நம்ம நெட்வொர்க் லேபில இன்னமும் கேபிள் கிரிம்பிங்குக்கு ஒரு முழு வாரம் போகுது. மினிநெட் இலவசம், ஒரு சாதா லேப்டாப்புல ஒரே கமாண்டில் பத்து சுவிட்ச் எழுப்பிடலாம். லினக்ஸ் மெஷின் சிஎஸ்இ லேபில, ஸ்பெக்ட்ரம் அனலைசர் இசிஇ லேபில. நடுவுல இருக்கறது ஒரு வராண்டா. அடுத்த செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு டிபார்ட்மென்ட்டும் கலந்து டீம் போட அனுமதி கேட்டு எச்ஓடிகளுக்கு லெட்டர் எழுதிட்டேன். கையெழுத்துப் போட யாரெல்லாம் ரெடி?