எண்ணாமல் ஆடுவம்

நாங்கள் போகும் யாழ்ப்பாணத்துக் கலியாண மண்டபங்களில் இப்ப சோடி நடனமும் வந்திட்டுது. ஆனால் எல்லாம் ஒத்திகை பார்த்து, எண்ணி எண்ணி அடி வைக்கிற நடனம். நடுவில ஒரு பெடியன் சும்மா ஒரு சுத்துச் சுத்தினால் விசில். அதே சுத்தை ஒரு பெட்டை சுத்தினால், "இது எங்கட பண்பாடோ?" எண்டு பின்வரிசை முணுமுணுக்குது.

எது எங்கட பண்பாடு? நல்லூரில் தவில் சூடேறினால் காவடிக்காரன் ஆரைக் கேட்டு அடி மாத்துறான்? போர்த்துக்கேயர் காலத்து வேர்கொண்ட பைலாவைச் சிலோன் மனோகர் 'சுராங்கனி' எண்டு பாட, எங்கட சனம் ஆடேல்லையோ?

1926இல் நியூயோர்க்கின் ஹார்லத்தில் திறந்த சவோய் மண்டபத்தில் கறுப்பின இளையோர் லிண்டி ஹொப் ஆடினார்கள். சோடி கையை விட்டுப் பிரிந்து, மனம்போல ஆடி, திரும்பக் கைகோக்கும். அந்த நடனத்தின்ர உயிரே அந்தப் பிரிவில்தான் இருந்தது.

பெடியளுக்கும் ஒண்டு சொல்லவேணும். கூட ஆடுறவளைப் பம்பரமாக்கி நீங்கள் மட்டும் கைதட்டு வாங்கிறது விளையாட்டில்லை. அவள் தொடங்குற குறும்புக்குப் பின்னால போகத் தெரியவேணும். வேண்டாமெண்டால் கையை விடவேணும். இதை ஒத்திகையில் பழக ஏலாது. ஒருத்தரை ஒருத்தர் கவனிச்சால்தான் வரும்.

பின்வரிசை முணுமுணுக்கட்டும். அடுத்த கலியாணத்தில் நாங்கள் எண்ணாமல் ஆடுவம்.