டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளி

குழந்தைப் பள்ளி உபாத்தியாயர்களுக்குப் பிற நாட்டு உபாத்தியாயர்களோடு தொடர்பு வேண்டுமா? வேண்டும் என்றே நாம் சொல்லுகிறோம். யார் போகிறார்கள், எதைக் கற்றுத் திரும்புகிறார்கள் என்பதில்தான் நமக்குச் சண்டை.

வட இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்று ஒரு நகரம். அந்நகரக் குழந்தைகள் செய்த வேலைகளை 1981-ல் ஸ்டாக்ஹோமில் கண்காட்சியாக வைத்தார்கள். பிறகு அது அமெரிக்காவுக்கும் போயிற்று. 1991-ல் 'நியூஸ்வீக்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, உலகின் சிறந்த பள்ளிகளின் வரிசையில் அந்நகரின் டயானா பள்ளியைச் சேர்த்தது. அது முதல் பல தேசத்து உபாத்தியாயர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போய்வருகிறார்கள்.

இதற்கு அடிக்கல் போட்டவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்றவர்கள்தான்!

1945 வசந்தகாலம். நாஜிப் படை தோற்று ஓடிச் சில நாட்களே ஆகியிருந்தன. நகரை அடுத்த வில்லா செல்லா என்ற சிற்றூரில் ஒரு டாங்கி, மூன்று லாரிகள், ஆறு குதிரைகளை அது விட்டுப் போயிருந்தது. ஊரார் அவற்றை விற்றார்கள். அந்தப் பணத்தில் நாடகக் கொட்டகை கட்டலாம் என்று ஆண்களில் சிலர் சொன்னார்களாம். பெண்கள் விடவில்லை, குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றார்கள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல். பகலில் பாடுபட்டவர்களே இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சுவர் எழுப்பினார்கள். செய்தி கேட்டு சைக்கிளில் வந்து பார்த்த இளம் உபாத்தியாயர் லோரிஸ் மலாகுட்சி, பிறகு ஆயுள் முழுவதையும் இந்த வேலைக்கே கொடுத்தார். 1963-ல் இடதுசாரிகள் கையிலிருந்த நகரசபை தன் செலவிலேயே முதல் குழந்தைப் பள்ளியைத் திறந்தது.

போய்வருகிற கனவான்கள் எதைக் கொண்டு வருகிறார்கள்? களிமண், வர்ணம், நிலைக்கண்ணாடி, அழகான மேஜை. அந்நகரின் பெயரைப் பலகையில் எழுதிச் சம்பளத்தை உயர்த்துகிற தனியார் பள்ளிகளும் உண்டு. அங்கே ஒரு வகுப்புக்கு இரண்டு உபாத்தியாயர்கள், இருவரும் சமம். கூடிப் பேசவும், குழந்தை சொன்னதைக் குறித்து வைக்கவும் செலவாகும் நேரத்துக்கும் கூலி உண்டு. சமையல் செய்பவரும் பள்ளியின் ஊழியர். பெற்றோர்களுக்கு நிர்வாகத்தில் குரல் உண்டு. இவை மட்டும் ஏன் கப்பலேறுவதில்லை?

நம் நாட்டில் அங்கன்வாடித் திட்டம் 1975-ல் வந்தது. நாற்று நடப் போகும் தாய் தன் பிள்ளையை விட்டுப் போவது அங்கன்வாடி அம்மாவிடம்தான். சர்க்கார் அவரைக் 'கௌரவ ஊழியர்' என்கிறது. கௌரவத்தை வைத்து அடுப்பு எரியுமா? அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்ற தீர்ப்பை வாங்க 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போராட வேண்டியிருந்தது.

குழந்தைக் கல்விக்கென்று வெளிநாட்டு மகாநாட்டுக்குத் தூதுகோஷ்டி புறப்பட்டால், அதில் அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் இடம் வேண்டும். வழிச்செலவும் சம்பளத்தோடு விடுப்பும் சர்க்கார் தர வேண்டும். பேச்சை அவரவர் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். ரெஜியோ எமிலியா சமையற்கட்டில் நம் ஊர் உதவியாளர் உட்கார்ந்து, "உங்களுக்கு மாதம் என்ன தருகிறார்கள், எத்தனை மணி வேலை?" என்று கேட்கட்டும்.